பிள்ளைக்குத் தனிக் கணக்கு: கடைக்கு வந்து கேட்ட கேள்விகள்

முதலில் கீழக்கரையில், பிறகு தங்கச்சிமடத்தில் என்று பல ஆண்டுகளாகப் பிரவுசிங் சென்டர் நடத்தி வருகிறேன். ரீசார்ஜ், ஜெராக்ஸ், தேர்வு விண்ணப்பம் என்று வருகிறவர்கள் வேலை முடிந்த பிறகும் நாற்காலியை விட்டு எழாமல், “தம்பி, இன்னொன்று கேட்க வேண்டும்” என்பார்கள். அந்த இன்னொன்று பெரும்பாலும் பிள்ளையின் போனைப் பற்றியதாகவே இருக்கும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எழுதியிருக்கிறேன். பெயர்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சின்ன ஊர், கண்டுபிடித்துவிடுவார்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஜிமெயில்தான். நன்றாகத்தானே ஓடுகிறது, ஏன் பிரிக்க வேண்டும்?

இதுவரை யாரும் எதையும் தொலைக்கவில்லை, அதனால் நன்றாக ஓடுவதுபோலத் தெரிகிறது. அப்பாவின் ஜிமெயிலை மகளின் போனில் போட்டால், அப்பா சேமித்த எண்களெல்லாம் அங்கே வந்து இறங்கும். பத்தாம் வகுப்புப் பெண்ணின் போனில் ஐஸ் கம்பெனி, டீசல் பங்க், இறால் வியாபாரி, வலை கட்டுகிறவர் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு பெண், ‘இவர்களெல்லாம் யார்?’ என்று ஓய்வாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டாள். கடலில் இருந்து திரும்பிய அப்பாவின் போனில் வியாபாரியின் எண் இல்லை. படகில் மீன் இருக்கிறது, விலை பேச ஆள் இல்லை. அழித்த எண்கள் கூகுளின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும் என்பதால் மீட்டுக் கொடுக்க முடிந்தது.

புகைப்படங்களும் இப்படித்தான். இரண்டு போனிலும் ஒரே கணக்கில் சேமிப்பு ஓடினால், மகள் தோழிகளோடு எடுத்த படம் அப்பாவின் திரையில் தெரியும். சங்கக் கூட்டத்தில் அப்பா போனை நீட்டிக் காட்டும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும். இலவச இடம் ஒரு கணக்குக்கு 15 ஜிபி. படம், அஞ்சல், கோப்பு மூன்றும் அதற்குள்தான் அடங்க வேண்டும். நிரம்பிவிட்டால் புதிய அஞ்சல் வராது. நீட் விண்ணப்பமும் பொறியியல் கலந்தாய்வும் அந்த அஞ்சலை நம்பி இருக்கும் நேரத்தில், நான்கு பேரின் திருமண வீடியோக்கள் அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எத்தனை வயதில் தனிக் கணக்கு?

இந்தியாவில் கூகுள் கணக்கைப் பிள்ளை தானே வைத்துக்கொள்ளக் குறைந்தபட்ச வயது 13. வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் அதே 13தான். அதற்குக் கீழே என்றால், பெற்றோர் தம் கணக்கிலிருந்து, கூகுளின் மேற்பார்வைச் செயலியான ஃபேமிலி லிங்க் வழியாகப் பிள்ளைக்கு ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுக்கலாம்.

ஃபேமிலி லிங்க் சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். 13 முடிந்த பிள்ளையின் கணக்கிலும் அதை இணைக்கலாம். 14, 15 வயதுக்குத்தான் அது அதிகம் தேவை என்பது என் எண்ணம்.

பிறந்த தேதியைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுவிட்டால் வேலை சுலபமாக முடியுமே?

முடியும். கடைக்காரர்களும் அப்படித்தான் முடித்துக் கொடுத்தோம். 1990, 1995 என்று கையில் வந்த ஆண்டைத் தட்டினோம். வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது பிறப்புச் சான்றிதழைத் தேட யாருக்குப் பொறுமை?

இப்போது அதற்குப் பலன் வந்துகொண்டிருக்கிறது. கணக்கில் வயது 30 என்று இருந்தால், 14 வயதுப் பையனுக்கு 30 வயதுக்காரருக்கு உரிய விளம்பரமும் வீடியோவும்தான் வரும். பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஆர்வத்தை வேவு பார்த்துத் தரும் விளம்பரத்தைக் கூகுள் நிறுத்திவைக்கிறது. அது இவனுக்குக் கிடைக்காது. இன்ஸ்டாகிராமின் பதின்வயதுப் பாதுகாப்பும் கிடைக்காது. பிறகு திருத்தலாம் என்று போனால் அடையாள ஆவணம் கேட்கவும் கூடும். ஆகவே ஆதாரில் உள்ள தேதியையே போடுங்கள். பெயரையும் ஆதாரில் உள்ளபடி, அதே எழுத்துக்களில் போடுங்கள். ‘கிங் ஆஃப் பாம்பன் 007’ என்ற முகவரியைக் கல்லூரி விண்ணப்பத்தில் எழுதும்போது பையனுக்கே வெட்கமாக இருக்கும்.

குடும்பக் குழுவுக்குத் தலைவர் யாராக இருக்க வேண்டும்? எங்கள் வீட்டில் எல்லாம் அவர் பெயரில்தான்.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கரையில் இருப்பவர் தலைவராக இருக்கட்டும்.

பெற்றோர், பிள்ளைகள் கணக்குகளை ஒன்றாகச் சேர்ப்பது கூகுள் குடும்பக் குழு. அதில் தலைவரையும் சேர்த்து 6 பேர் இருக்கலாம். பிள்ளை ஒரு செயலியை இறக்க வேண்டுமென்றால் கோரிக்கை பெற்றோரின் போனுக்கு வரும். விசைப்படகில் போன அப்பா இரவு முழுக்கக் கடலில் இருப்பார். பாக் நீரிணையின் நடுவில் சிக்னல் எங்கே இருக்கிறது? மறுநாள் வரை காத்திருக்கப் பொறுமையில்லாத பிள்ளை என்ன செய்யும்? பக்கத்து வீட்டுப் பையனிடம் கேட்டு, பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து செயலியைக் கோப்பாக வாங்கி ஏற்றும். ஆபத்து அந்த வழியில்தான் உள்ளே வருகிறது. அம்மா தலைவராக இருந்தால் கோரிக்கை வந்த நிமிடமே பார்த்துச் சொல்லலாம். அப்பாவைக் குழுவில் சேர்த்து அவருக்கும் பெற்றோர் பொறுப்பு கொடுத்துவிட்டால் அவர் கௌரவமும் குறையாது.

“எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி” என்று சின்னப்பாலத்தில் இருந்து வந்த ஒரு அக்கா சொன்னார். கடல்பாசி எடுக்க மூச்சடக்கி மூழ்குகிறவர் அவர். பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டார்.

வாப்பா துபாயில் இருக்கிறார். அவர் கணக்கிலேயே பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

சேர்க்காதீர்கள். கீழக்கரையில் பாதிச் சிக்கல் இங்கேதான் தொடங்கியது. குழுவில் உள்ளவர்கள் தலைவர் வசிக்கும் நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது கூகுளின் நிபந்தனை. வாப்பாவின் பிளே ஸ்டோர் அமீரக நாட்டில் இருந்தால், இங்கே இருக்கும் பிள்ளைக்கு எதுவும் சரியாகப் பொருந்தாது. பிளே ஸ்டோரின் நாட்டை ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்ற முடியும். ஒரு குழுவை விட்டு இன்னொன்றில் சேர்வதும் 12 மாதத்தில் ஒரு முறைதான். அவசரப்பட்டுச் சேர்ந்துவிட்டு, பிறகு ஓராண்டு காத்துக்கிடந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். உம்மா தலைவராக இருக்கட்டும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவுதி இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே வேலை முடிந்து இரவு ஒன்பதுக்கு வாப்பா அழைத்தால் இங்கே பத்தரை. பிள்ளையின் போனுக்குப் பத்து மணிக்கே உறக்க நேரம் வைத்துவிட்டு, “வாப்பா பேசவே முடியவில்லை” என்று வருத்தப்பட்டால் எப்படி? அந்த அழைப்பு உம்மாவின் போனுக்கு வரட்டும், அல்லது உறக்க நேரத்தைப் பதினொன்றுக்குத் தள்ளுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு ஓடாது என்பதால் போட்டிம் போன்ற செயலிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். பகலில் தினசரி நேர வரம்பு தீர்ந்தாலும் அந்தச் செயலி மட்டும் திறக்கும்படி ‘எப்போதும் அனுமதி’ என்று குறித்துவிடலாம்.

காக்கா (அண்ணன்) தன் பழைய ஐபோனைக் கொண்டுவந்து தம்பிக்குக் கொடுத்துவிட்டார். அப்படியே பயன்படுத்தலாமா?

அப்படியே பயன்படுத்தினால் தம்பியின் கையில் காக்காவின் வாழ்க்கை முழுவதும் இருக்கும்: படங்கள், செய்திகள், குறிப்புகள் எல்லாம். காக்கா ஊரில் இருக்கும்போதே அவர் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுவதும் அழித்துக் கொடுக்க வேண்டும். வெளியேறாமல் அழித்தால் பூட்டு விழும்; பழைய கடவுச்சொல் இல்லாமல் திறக்காது. அவர் விமானம் ஏறிய மறுநாள்தான் எப்போதும் கடைக்கு வருகிறார்கள்.

பிறகு தம்பியின் பெயரில், இந்தியா என்று நாட்டைக் குறித்துப் புதிய கணக்கு. ஐபோனில் பெற்றோரின் மேற்பார்வை ஆப்பிளின் குடும்பப் பகிர்வு வழியாக நடக்கும்; அதற்குப் பெற்றோரிடமும் ஆப்பிள் கருவி இருக்க வேண்டும். ஃபேமிலி லிங்கைப் பெற்றோர் ஐபோனிலிருந்து நடத்தலாம், ஆனால் பிள்ளையின் ஐபோனை அது அடக்காது. உம்மாவிடம் ஆண்ட்ராய்டு, பையனிடம் ஐபோன் என்றால் கைப்பிடி இல்லாத கத்திதான். முதல் போனாக ஆண்ட்ராய்டே போதும் என்று சொல்வேன். பையன்கள் என்மீது கோபப்படுகிறார்கள், படட்டும்.

மீட்பு எண், மீட்பு எண் என்கிறீர்களே, அது அவ்வளவு முக்கியமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கடவுச்சொல் மறந்துவிட்டால் கணக்கைத் திரும்பத் தருவது மீட்பு எண்தான். அந்த எண் யாருடையதோ, கணக்கும் கடைசியில் அவருடையது. நம் கடற்கரை ஊர்களில் பல பிள்ளைகளின் முதல் மின்னஞ்சலைத் திறந்து கொடுத்தது பிரவுசிங் சென்டர்தான். ஓ.டி.பி. எளிதாக வர வேண்டுமே என்று கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிடுவார். நானும் போட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் என் எண் எத்தனை கணக்குகளில் இருந்தது என்று எனக்கே தெரியாது. இரண்டு ஆண்டு கழித்து ஒரு பெண் கல்லூரியிலிருந்து அழைத்து, “அண்ணே, உங்களுக்கு ஒரு எண் வந்திருக்கும், சொல்லுங்கள்” என்றபோதுதான் உறைத்தது. நான் நல்லவனாக இருந்தது அவள் அதிர்ஷ்டம். கடையை வேறொருவருக்கு விற்றிருந்தால்? அன்றிலிருந்து வாடிக்கையாளரின் போன் கையில் இல்லாவிட்டால் கணக்கு திறந்து தருவதில்லை.

உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே கணக்கு இருந்தால், இன்றே அமைப்புக்குள் (செட்டிங்ஸ்) போய் மீட்பு எண்ணைப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாத எண்ணாக இருந்தால் மாற்றுங்கள்.

சிம் கார்டின் ஆயுளையும் பார்க்க வேண்டும். ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் தொடாமல் விட்டால் அது துண்டிக்கப்படும். பிறகு வேறு யாருக்கோ விற்கப்படும். வளைகுடாவுக்குப் போனவர் விட்டுச் சென்ற இந்திய எண்ணை மீட்பு எண்ணாக வைத்திருந்தால், உங்கள் மகளின் ஓ.டி.பி. ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகும். தினமும் கையில் இருக்கும் அம்மாவின் எண்தான் சரி.

பிள்ளையின் பெயரில் சிம் வாங்கலாமா?

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவருக்குச் சிம் விற்கக் கூடாது. பெற்றோர் பெயரில்தான் வாங்க வேண்டும். ஒருவர் பெயரில் 9 எண் வரை இருக்கலாம். உங்கள் பெயரில் உங்களுக்கே தெரியாத எண் ஓடுகிறதா என்று அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

விளையாட்டில் பணம் போய்விட்டது. எப்படித் தடுப்பது?

என் அக்கா மகன் ஒரு துப்பாக்கி விளையாட்டில் உடை வாங்க, மூன்று நாளில் 2,300 ரூபாயைக் கரைத்தான். அக்காவின் கார்டு அதே கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் சின்னச் சின்னத் தொகை, யாரும் கவனிக்கவில்லை. அதற்காகத் திட்டு வாங்கியவன் நான். போனை அமைத்துக் கொடுத்தது நானல்லவா?

பிளே ஸ்டோரில் குடும்பத்தின் கட்டண முறையை இணைத்தால், பதினெட்டுக்குக் கீழே உள்ள ஒவ்வொருவருக்கும் வாங்குவதற்கு அனுமதி கேட்கும்படி வைக்கலாம். ‘எல்லா உள்ளடக்கத்துக்கும்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இலவசச் செயலிக்கும் கோரிக்கை வரும், கொஞ்சம் தொல்லைதான். ஆனால் பிள்ளை என்ன இறக்குகிறது என்பது தெரியும். பிள்ளையின் போனிலேயே பெற்றோரின் கடவுச்சொல்லை அடித்து அனுமதி தரும் வசதியும் உண்டு. அப்படி அடிக்கும்போது பிள்ளை எதிரே நின்று விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும். நம் பிள்ளைகளின் கண் கூர்மை நமக்குத் தெரியாததா?

கார்டையே இணைக்காமல், 100 ரூபாய்க்கு ஒரு கிஃப்ட் கார்டு வாங்கிக் கொடுக்கும் வழியும் இருக்கிறது. தீர்ந்தால் தீர்ந்தது. எனக்கு இதுவே பிடிக்கும்.

மகள் யாரோடு என்ன பேசுகிறாள் என்று படிக்க முடியுமா?

ஃபேமிலி லிங்கில் முடியாது. எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் இருந்தாள், போன் எங்கே இருக்கிறது என்பது தெரியும். நேரம் குறைக்கலாம், செயலியை அடைக்கலாம். செய்தியைப் படிக்க முடியாது, திரையைப் பார்க்க முடியாது.

அதற்கென்று தனியாக வேவு பார்க்கும் செயலி ஏற்றித் தரச் சொல்லி வருகிறார்கள். நான் செய்வதில்லை. அந்தச் செயலி நடத்துகிறவன் யாரென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது; உங்கள் மகளின் பேச்சையெல்லாம் அவனிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்குப் பெயர் பாதுகாப்பா? மேலும், ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அவள் வேறொரு தோழியின் போனில் வேறொரு கணக்கு திறப்பாள். அதை எந்தச் செயலியும் காட்டாது.

இன்ஸ்டாகிராம் கேட்டு அழுகிறாள். கொடுக்கலாமா?

13 ஆகவில்லை என்றால் வேண்டாம். ஆகிவிட்டதென்றால் உண்மையான பிறந்த தேதியோடு திறந்து கொடுங்கள். 2025 பிப்ரவரியில் பதின்வயதினருக்கான கணக்கு முறை இந்தியாவுக்கு வந்தது. கணக்கு தானாகவே அந்தரங்கமாக இருக்கும். தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. 60 நிமிடம் ஆனதும் போதும் என்று நினைவூட்டும். இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்பு வராது. 16க்குக் கீழே இருப்பவர் இவற்றைத் தளர்த்தப் பெற்றோரின் அனுமதி வேண்டும். மேற்பார்வையை இணைத்தால் கடந்த ஏழு நாளில் யாருக்கெல்லாம் செய்தி அனுப்பினாள் என்று தெரியும். என்ன எழுதினாள் என்பது தெரியாது.

எனக்கு 15 வயது. அம்மா வைத்த மேற்பார்வையை எப்படி நீக்குவது?

தம்பி, உன் அம்மாவும் இந்தக் கடைக்குத்தான் வருகிறார்கள். நேரம் போதவில்லை என்றால் என்ன வேலைக்குப் போதவில்லை என்று சொல்லிக் கேள். நீட் வகுப்பு வீடியோவுக்காக நேரம் கூட்டச் சொல்லி ஒரு பையன் தாளில் எழுதிக் கொடுத்தான். அவன் அம்மா அதை என்னிடம் காட்டிச் சிரித்துவிட்டு, அரை மணி கூட்டினார்கள்.

வீட்டு டிவியில் நெட்ஃபிளிக்ஸ்?

ஒரு கணக்கில் 5 சுயவிவரம் வைக்கலாம், கூடுதல் பணம் இல்லை. பிள்ளையின் சுயவிவரத்துக்கு வயது வரம்பு வையுங்கள்; உங்களுடையதற்கு நான்கு இலக்கப் பூட்டு போடுங்கள். பூட்டுப் போடாமல் வரம்பு வைத்துப் பயனில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது? அவரும் வீட்டில், பிள்ளைகளும் விடுமுறையில்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு கரையில் நிற்கும், பெரும்பாலான நாள் பள்ளியும் மூடியிருக்கும். அப்பா காலையிலிருந்து ரீல்ஸ் பார்த்துக்கொண்டு பையனை மட்டும் ‘போனை வை’ என்றால் அது எடுபடாது. இதற்கு அமைப்பில் பொத்தான் இல்லை.

படத்தை வைத்து யாராவது மிரட்டினால்?

பணம் கொடுக்காதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பிறகு அந்த ஆளைத் தடை செய்யுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பணம் பறிபோயிருந்தால் 1930. பதினெட்டுக்குக் கீழே உள்ளவரின் அந்தரங்கப் படம் பரவுவதைத் தடுக்க ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை அனுப்பத் தேவையில்லை, படத்தின் அடையாளக் குறியீடு மட்டுமே போனிலிருந்து போகும், சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்து நீக்கும். பிள்ளையைத் திட்டுவதை இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். முதல் நாளே அடித்தால், அடுத்த முறை மிரட்டல் வந்தது உங்களுக்குத் தெரியவே வராது.

புதுச் சட்டம் வந்திருக்கிறதாமே?

2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. அதன்படி பதினெட்டுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகளே. அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை நிறுவனம் சரிபார்க்க வேண்டும். முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கிறார்கள். பிறந்த தேதியைப் பொய்யாகப் போட்டவர்களுக்கு இந்தச் சட்டமும் உதவாது.

பிரித்த பிறகு பழைய பொதுக் கணக்கை அழித்துவிடலாமா?

உடனே வேண்டாம். பிள்ளையின் படங்களையும் எண்களையும் புதிய கணக்குக்கு மாற்றுங்கள். காசு கொடுத்து வாங்கிய செயலிகள் கணக்கு மாறி வராது. தகுதியுள்ளவற்றைப் பிளே ஸ்டோரின் குடும்ப நூலகம் வழியாகப் பகிரலாம். பிறகு பிள்ளையின் போனிலிருந்து மட்டும் பழைய கணக்கை நீக்குங்கள். வங்கி, எரிவாயு, படகுக் கடன் எல்லாம் அந்த அஞ்சலில் இருக்கலாம். இரண்டு ஆண்டு யாரும் தொடாத கணக்கைக் கூகுள் தானே நீக்கிவிடும், அதனால் எப்போதாவது உள்ளே போய் வாருங்கள்.

கடவுச்சொல்லை எழுதி வைக்கலாமா? எழுதக் கூடாது என்கிறார்களே.

அலுவலகத்தில் எழுதக் கூடாது. வீட்டில் எழுதுங்கள். போன் கவருக்குள் வேண்டாம், காலண்டரின் பின்பக்கமும் வேண்டாம். இரண்டு படிச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு சோதனையும் கேட்கும் முறை) இயக்கினால் கூகுள் 10 மாற்று எண்கள் தரும். ஒவ்வொன்றும் ஒரு முறை மட்டும் செல்லும். சிம் இல்லாமலேயே உள்ளே போக அவை உதவும். அவற்றையும் அச்சிட்டு, ரேஷன் கார்டும் ஆதாரும் இருக்கும் உறையில் சேர்த்து வையுங்கள். உறை பிளாஸ்டிக்காக இருக்கட்டும். 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மறு வாரம் கடைக்கு வந்தவர்கள் ஊறிப்போன காகிதங்களைக் கொடுத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லச் சொன்னார்கள்.